பதினான்காம் பக்கத்து ஆள்

கட்டிலுக்கு அடியிலிருந்து நான்காவது பெட்டியை இழுத்தபோது தம்பியின் முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டை கிடைச்சுதா தம்பி?" சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"தேடிட்டிருக்கேன் அண்ணி."

சுத்தப் பொய். அண்ணனுக்குக் கட்டவேண்டிய சாம்பல் நிற டை, தம்பி அறைக்குள் வந்த இரண்டாவது நிமிஷமே கிடைத்துவிட்டது. இப்போது அவருடைய சட்டைப்பைக்குள் சுருண்டு கிடந்தது. அவர் தேடியது வேறு. முந்தாநாள் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று அண்ணி போனில் சொன்னபோது, அழுகை வருவதற்கு முன்னால் அவருக்கு அந்தச் சின்னப் படப்புத்தகத்தின் நினைப்புதான் வந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுஷனுக்கு அது வெட்கக்கேடுதான். என்ன செய்ய, வந்துவிட்டது.

அண்ணன் பஸ் டிப்போவில் தவறிப்போன பொருள்களின் அறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பல்செட்டுகூட அவர் மேசைக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டு யாராவது ஒருத்தர் வருவார். கிறிஸ்தவ சபைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்து, வாங்கினவர்கள் சீட்டிலேயே விட்டுப்போன படக் கைப்பிரதிகளைக் கேட்டு மட்டும் யாரும் வந்ததில்லை. உள்ளங்கை அகலத்தில், கறுப்பு வெள்ளைப் படங்களாக இருக்கும். குடிகாரன், சூதாடி, கடவுளைப் பரிகாசம் செய்கிறவன், யாராவது ஒருத்தன் கதை. மனம் திரும்பினால் வெளிச்சம், திரும்பாவிட்டால் நெருப்பு. கோயில் வாசலையே மிதிக்காத அண்ணன் அவற்றைச் சேர்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. ஒரு மடிப்பு விழக்கூடாது. கடைசிப் பக்கத்தில் 'இன்று நான் முடிவு செய்தேன்' என்று போட்டு, பெயர் எழுதப் புள்ளிக்கோடு விட்டிருப்பார்கள். அதில் யாராவது பெயரை எழுதித் தொலைத்திருந்தால் அண்ணனுக்கு அது செல்லாக்காசு.

அந்தக் கைப்பிரதிகளில் ஒன்றைத் தம்பி வரைந்தார்.

இருபத்துநாலு வயதில் அவர் சபையில் சேர்ந்த புதிது. எதைத் தொட்டாலும் பக்தி. ஒருநாள் போதகரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவந்தார். ஜெபம் முடியும்வரை காத்திருக்காமல் அண்ணன் சோற்றில் கைவைத்தார். போதகர் கண்ணைத் திறந்து பார்க்க, "நீங்க முடிங்க, மேல இருக்கறவருக்கு நேரம் நிறைய இருக்கு, எனக்கு ஏழு மணி ஷிஃப்ட்" என்றார். போதகரே சிரித்துவிட்டார். தம்பிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் சபையின் அச்சகத்துக்காக அவர் வரைந்த 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்ற கைப்பிரதியில், பதினான்காம் பக்கத்தில் நெருப்புக்குள் தலைகீழாக விழுகிறவனுக்கு அண்ணனின் முகத்தை வைத்தார். மீசை, சப்பை மூக்கு, கன்னத்து மச்சம், ஒன்று விடவில்லை. நாற்பதாயிரம் பிரதி போனது.

கோபம் பத்து நாளில் ஆறிவிட்டது. அச்சடித்தது ஆறுமா? பல் டாக்டர் வீட்டுப் பெஞ்சில் கிடந்த பிரதியில் அண்ணன் விழுந்துகொண்டிருந்தார். பஸ் சீட்டில் விழுந்துகொண்டிருந்தார். ஒரு மழைநாளில் சாக்கடை ஓரத்தில், பாதி நனைந்து, வாயைத் திறந்துகொண்டு தம்பியைப் பார்த்தார். அன்றைக்குத் தம்பி சாப்பிடவில்லை. சபைக்குப் போவதை நிறுத்தி, போர்டு எழுதிப் பிழைக்க ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போதகர், பாட்டு, ஜெபம் எல்லாம் அவரை விட்டுப் போய்விட்டன. நெருப்பு மட்டும் போகவில்லை.

மறுபதிப்பு என்று காதில் விழும்போதெல்லாம் அச்சகத்துக்கு ஓடுவார். "படத்தைக் கொஞ்சம் சரி பண்ணித் தரேன்" என்று மூலப்படத்தை வாங்கி, வெள்ளை மையும் தூரிகையுமாக உட்காருவார். இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணன் புதிதாகக் கிடைத்த கைப்பிரதிகளை எடுத்துக் காட்டி, "இதுல பேய்க்குக் கொம்பு உள்பக்கமா வளைஞ்சிருக்கு பாருடா, இவன் ஆட்டைப் பாத்து வரைஞ்சிருக்கான்" என்று விளக்கம் சொல்வார். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' பற்றி மட்டும் முப்பத்துநாலு வருடத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவர் கண்ணில் அது படவே இல்லை என்று தம்பி தன்னைத் தேற்றிக்கொண்டார். ஊரில் கிடக்கும் கைப்பிரதியெல்லாம் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்திருந்த மனுஷரைப் பற்றி அப்படி நம்பினார்.

இதெல்லாம் போதாதென்று, நேற்று அண்ணி ஒரு காகிதத்தை நீட்டினாள். என்னைப் புதைக்க வேண்டாம், எரித்துவிடுங்கள் என்று அண்ணன் கைப்பட எழுதியிருந்தார்.

"மண்ணுல வைக்கலாம் அண்ணி" என்றார் தம்பி. குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எழுதியே வெச்சிட்டார். நான் என்ன பண்ண?"

நான்காவது பெட்டியிலும் முதல் பதிப்பு இல்லை. அவர் ஐந்தாவதை இழுத்தபோது கதவருகில் யாரோ செருமினார்கள். அண்ணிதான், பின்னால் ஒல்லியாக ஒருவர், தோளில் துணிப்பை.

"இவர்தான் உங்கண்ணனோட போன்காரர். சனிக்கிழமையானா மணிக்கணக்கா பேசுவாரே. மூணு மணி நேரம் பஸ்ல வந்திருக்கார்" என்று சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டாள்.

வந்தவர் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அண்ணனை நேரில் பார்த்ததே இல்லை. பதினோரு வருடமாகத் தபாலில் கைப்பிரதி மாற்றிக்கொள்வதும் போனில் அதைப் பற்றி வாதாடுவதும்தான் சிநேகம். துக்கம் விசாரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"சார், சாவு வீட்டுல இதைக் கேக்கக்கூடாதுதான். கேக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' முதல் பதிப்பு இங்கதான இருக்கு?"

தம்பி ஐந்தாவது பெட்டியின் மேல் கையை வைத்தார். "அது எதுக்கு?"

"ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் என்கிட்ட இருக்கு. முதல் பதிப்பை ஒருதடவை கண்ணுல காட்டுங்கன்னு தலைகீழா நின்னு பாத்தேன். போட்டோகூட அனுப்ப மாட்டேன்னுட்டார். வேற என்ன வேணா கேளுங்க, அது வெளிய வராதுன்னார்."

ஆக, அண்ணனுக்குத் தெரியும். தம்பி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிழைதிருத்துபவர் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஐந்து பிரதிகளை எடுத்துக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் பதினான்காம் பக்கம்.

"முதல்ல கன்னத்துல மச்சம் உண்டாம். ரெண்டாவதுல காணோம் பாருங்க. மூணாவதுல மீசை போச்சு. நாலாவதுல முடி சுருட்டையாச்சு. அஞ்சாவதுல மூக்கு, ஆறாவதுல தாடை. வரையறவன் சோம்பேறி, ஞாபகத்துல எதையோ கிறுக்கறான்னு நான் சொன்னேன். உங்கண்ணன் ஒத்துக்கவே மாட்டார்."

"என்ன சொல்வார்?"

"'அப்படி இல்லைங்க. இவன் அந்த ஆளை நெருப்புலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுக்கறான். நேரா வந்து கேக்கத் தைரியம் இல்லாத பய, திருட்டுத்தனமா எடுக்கறான்'னுவார். புதுப் பதிப்பு வந்தா விடிஞ்சதும் போன். 'இந்த வாட்டி என்னத்தை எடுத்திருக்கான், பாத்தீங்களா'ன்னு. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு."

சமையலறையில் அண்ணி டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

"ஆனா ஒண்ணு" என்றார் பிழைதிருத்துபவர், பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தபடி. "எல்லாத்தையும் மாத்தினவன் இடது புருவத்துல இருக்கற இந்த வெட்டை மட்டும் விட்டுட்டான். என்கிட்ட இருக்கற அஞ்சுலயும் இருக்கு. அச்சுல விழுந்த கீறல்னு நான் நினைச்சேன். 'கீறல் இல்லை. அது அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது'ன்னு சொல்லிட்டு உங்கண்ணன் சிரிச்சார். அதுல என்ன சிரிப்புன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை."

தம்பி கண்ணாடியை வாங்கினார். ஆறாம் பதிப்பில் சுருட்டை முடியும் அந்நிய மூக்குமாக யாரோ ஒருவன் விழுந்துகொண்டிருந்தான். இடது புருவத்தின் நடுவில் நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. ஐந்து முறை அந்த முகத்தின் மேல் தூரிகையோடு குனிந்திருக்கிறார். ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. புருவம் என்றால் அவர் கைக்கு அப்படித்தான் வரும்.

ஆறு வயதில் அவர் ஆத்திரத்தில் வீசிய தகர மூடி அண்ணனின் புருவத்தைக் கிழித்தது. சட்டையெல்லாம் ரத்தம். அம்மா பதறிக்கொண்டு வந்து கேட்டபோது, "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றார் பன்னிரண்டு வயது அண்ணன். தம்பி கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"கார் வந்துடுச்சு" என்று அண்ணி கூப்பிட்டாள்.

காரில் இடமிருந்தும் பிழைதிருத்துபவர் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். அண்ணி வழியெல்லாம் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"ஏன் எரிக்கணும்னு அவர்கிட்டயே கேட்டேன் தம்பி. 'எனக்கு அது பழக்கம்தான்'னார். என்ன பேச்சோ." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "அவர் சொன்ன மாதிரியே அந்த நோட்டீஸையும் சட்டைப்பையில வெச்சுக் குடுத்துட்டேன்."

"எந்த நோட்டீஸ்?"

"பர்ஸுக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாரே. மத்ததை எல்லாம் அந்தப் போன்காரருக்குக் குடுத்துடு, இது மட்டும் என்கூடவே போயிடணும், யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னார். நானும் பிரிச்சுப் பாக்கலை."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கடைக்கு மேலே அவர் எழுதிய போர்டு போனது, அதற்குப் பிறகு இன்னொன்று.

எரியூட்டும் கூடத்தின் பின்னறையில் அண்ணன் பெட்டிக்குள் கிடந்தார். சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு எந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பிணங்களை அலங்கரிக்கும் அம்மாள் டையை வாங்கி, நாலே அசைவில் முடிச்சுப் போட்டாள். சட்டைப்பை லேசாகப் புடைத்திருந்தது.

தம்பி இரண்டு விரலை உள்ளே விட்டார். ஒரு பிரதியிலும் மடிப்பு விழச் சம்மதிக்காத மனுஷர் இதை நாலாக மடித்திருந்தார். மடிப்புகள் நைந்து துணியாகிப் போயிருந்தன. வெளிப்பக்கத்தில் பதினான்காம் பக்கம். மீசை, மூக்கு, மச்சம் எல்லாம் இருந்தது. வாய் திறந்திருந்தது. முப்பத்துநாலு வருடம் இதன்மேல்தான் உட்கார்ந்தார், எழுந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்குக் குழம்பு ஊற்றினார்.

எடுத்ததை அப்படியே திரும்ப உள்ளே வைத்தார். பையை விரலால் தடவி விட்டார்.

பிறகுதான் முகத்தைப் பார்த்தார். வழுவழுவென்று, யாரோ போல இருந்தது. இடது புருவம் ஒரே கோடாக ஓடியது.

"புருவத்துல ஒரு தழும்பு இருந்துது சார்" என்றாள் அந்த அம்மாள். "மாவு பூசிப் பென்சில்ல மறைச்சிட்டேன். இப்ப நல்லாருக்கில்ல?"

"நல்லாருக்கு." அந்தப் புருவத்தை மறுபடி பார்த்தார். "கொஞ்சம் பஞ்சு நனைச்சுத் தரீங்களா?"

அவள் தயங்கிக் கொடுத்தாள். தம்பி குனிந்து, புருவத்தின் நடுவில் மெல்லத் துடைத்தார். முதலில் கறுப்பு வந்தது, பிறகு தோல் நிறத்து மாவு.

"என்ன தம்பி பண்றீங்க?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. நான் பண்ணினதுதான்."

அண்ணிக்குப் புரியவில்லை. மேலே கேட்கவும் இல்லை. அதற்குள் பிழைதிருத்துபவர் வந்து பெட்டியின் மறுபக்கம் நின்றிருந்தார். அவர் அண்ணனின் புருவத்தைப் பார்த்தார், தம்பியின் விரலில் அழியாமல் படிந்திருந்த பெயிண்டைப் பார்த்தார், மறுபடி புருவத்தைப் பார்த்தார். தோளிலிருந்த பையை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தார்.

எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் கதவைத் திறந்து, "மூடிடலாமா சார்?" என்று கேட்டான்.

"ஒரு நிமிஷம்" என்றார் தம்பி. பஞ்சைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் இன்னொருமுறை துடைத்தார். தழும்பு முழுதாகத் தெரிந்தது. பஞ்சைப் போட இடம் தேடினார், எதுவும் கண்ணில் படவில்லை. டை இருந்த தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விலகி நின்றார்.