கவ்வியின் மேல் துளை

அன்று எங்கள் பாமாயில் ஆலையின் நசுக்கு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பின்சார் தம்புபோலன் ஆகிய நான். என் மகன் தோகர், யந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். தோகரின் மனைவி தியுர்மாவுக்கு அண்ணனான லம்ஹோட் சிராயித், தலைமைப் பிட்டர். கொதிகலன் பார்க்கும் மரோலோப். கட்டுப்பாட்டுப் பலகை இயக்கும் ரொத்துவா. வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்கிறவர்கள் கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறார்கள்.

எண்ணெய்ப்பனைப் பழம் நசுக்கும் யந்திரத்தின் திருகுத்தண்டு தேய்ந்து போயிருந்தது. அதை மாற்ற வேண்டும். உதிரிபாகக் கிடங்கிலிருந்து புதிய தண்டைக் கொண்டு வந்தவன் நான். யந்திரத்தைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துவோம், எண்ணெய் அழுத்தத்தை இறக்குவோம், நீராவி வால்வை மூடுவோம். நிறுத்திய சுவிட்சின் கைப்பிடியில் ஓர் இரும்புக் கவ்வி மாட்டியிருக்கும். அதில் மேலிருந்து கீழாகத் துளைகள். யந்திரத்துக்குள் கை வைக்கிற ஒவ்வொருவனும் தன் பெயர் பொறித்த பூட்டைத் தானே அதில் மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் கைப்பிடி மேலே ஏறாது. மேல் துளை தலைமைப் பிட்டரின் மஞ்சள் பூட்டுக்கு. அது முதலில் ஏறும், கடைசியில் இறங்கும்.

ஆலை திறந்த நாளிலிருந்து அந்த மேல் துளை தம்புபோலன் வீட்டுக்குரியது. முதலில் என் அண்ணன், பிறகு நான். வயதைக் காட்டி என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றியபோது மஞ்சள் பூட்டு தோகரின் கைக்குத்தான் போகும் என்று எல்லோரும் இருந்தார்கள். மேலாளர் லம்ஹோட்டைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மேடான் நகரத்தில் பயிற்சி முடித்தவனாம்.

லம்ஹோட் மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதைச் சொல்வதில் எனக்கு என்ன கூச்சம்? அவன் சட்டையில் எண்ணெய்க் கறை படிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் குரல் அவனுடையது. என் பேரன் என் மடியிலிருந்து இறங்கி அவன் மடிக்கு ஓடுகிறான். வேற்று மனிதனாக இருந்தால் மேலாளர் முன்னால் நின்று கேட்டிருப்பேன். ஆனால் அவன் எங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டான். எங்கள் சனத்தில் பெண் கொடுத்தவர்களுக்குத்தான் மேல் இடம். அவர்கள் முன்னால் நாங்கள் குரலை உயர்த்துவதில்லை.

காலையில் லம்ஹோட் மஞ்சள் பூட்டை மேல் துளையில் மாட்டிவிட்டு எண்ணெய் அழுத்தம் இறங்கியதா என்று பார்க்கப் போனான். மரோலோப் தன் பூட்டை மாட்டினான். தோகர் கையை வீசிக்கொண்டு யந்திரத்தை நோக்கி நடந்தான்.

"ஏய் தோகர், பூட்டு எங்க? தியுர்மா இடுப்புல முடிஞ்சு வச்சுக்கிட்டாளா?" என்றாள் ரொத்துவா.

"மச்சான் பூட்டு தொங்குதுல்ல? அதுக்குக் கீழ நானும் ஒண்ணு மாட்டுனா என்ன அர்த்தம்? பொண்ணு குடுத்த வீட்டை நம்பலைன்னு அர்த்தம். அந்த மரியாதைக்கேடு என்கிட்ட கிடையாது."

"அதுவும் சரிதான்" என்று மரோலோப் தலையாட்டினான். ரொத்துவாவும் தன் பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். எங்களில் யாரும் அதை மறுத்துப் பேச முடியாது. ஆனால் எனக்கு என் மகனைத் தெரியும். மரியாதை அவன் வாயில்தான் இருந்தது. லம்ஹோட்டின் பூட்டுக்குக் கீழே தன் பெயர் தொங்குவதைப் பார்க்க அவனுக்கு மனம் இல்லை. எனக்கும் இல்லை.

புதிய தண்டை ஏற்றி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. மரோலோப் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு கொதிகலனுக்குப் போனான். தோகர் மட்டும் கடைசி போல்ட்டை முறுக்குவதற்காக யந்திரத்தின் வாய்க்குள் படுத்திருந்தான். வெளியே அவன் காலணி மட்டும் தெரிந்தது, அதுவும் நான் நின்ற பக்கத்திலிருந்து மட்டும். சுவிட்சு யந்திரத்தின் மறுபக்கம்.

லம்ஹோட் வந்தான். கவ்வியைப் பார்த்தான். தன் மஞ்சள் பூட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பூட்டு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை என்பது அவன் மேடானில் படித்த கணக்கு. நாலு அடி நடந்து எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சாவியைப் போட்டுப் பூட்டைக் கழற்றினான்.

நான் கத்தினேன். அதே நேரம் கொதிகலன் நீராவியைக் கக்கியது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் பழைய பூட்டு எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு சுவிட்சுக்கு ஓடினேன். இதை மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தம்புபோலன் வீட்டுப் பையன் பூட்டு மாட்டாமல் உள்ளே போனான் என்பது வெளியாகும். பெண் கொடுத்தவன் கையைத் தட்டிவிட்டேன் என்பது தேவாலய வாசல் வரை போகும். லம்ஹோட்டின் கை கவ்வியை உருவப் போனது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு மேல் துளையில் என் பூட்டை நுழைத்து அழுத்தினேன்.

இரைச்சல் அடங்கியது.

"மாமா, என்ன இது? உங்களுக்கு இன்னிக்கு இங்க வேலை கிடையாதே."

"இருக்கு. உள்ள படுத்திருக்கு."

அவன் என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தான். "மச்சான்!" என்று அலறினான்.

"முடியப் போகுது, ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று உள்ளேயிருந்து தோகரின் குரல் வந்தது.

வெளியே வந்தவன் முதலில் கவ்வியைப் பார்த்தான், பிறகு லம்ஹோட்டின் கையில் இருந்த மஞ்சள் பூட்டை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"திருகுத்தண்டுக்கு மச்சான் யாரு, மாமன் யாருன்னு தெரியுமாடா?" என்றாள் ரொத்துவா. "மரியாதை பாக்குறாராம், மரியாதை! பிழிஞ்சு டின்னுல ஊத்தியிருப்போம் உன்னை."

லம்ஹோட் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. "நான் எட்டிப் பாத்திருக்கணும் மாமா. தப்பு என்னோடது" என்றான். பிறகு தன் மஞ்சள் பூட்டைக் கவ்வியின் கடைசித் துளையில் மாட்டினான்.

"இனிமே இது கீழதான் தொங்கும். மேல் துளையை நீங்க வச்சுக்குங்க மச்சான். ஆனா மாட்டாம உள்ள போகாதீங்க. என்னை நம்பலைன்னே நான் நினைச்சுக்கறேன். பரவால்ல. மாட்டுங்க."

தோகர் தன் கருவிப்பெட்டியைத் திறந்து பூட்டை எடுத்தான். அவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்தது. மேல் துளையில் என் பூட்டு இருந்ததால் அதற்குக் கீழே மாட்டினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, விட்டுவந்த போல்ட்டை முறுக்க மறுபடி உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை சிராயித் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆபத்திலிருந்து தப்பியவனின் உயிர் உடம்பில் நிலைக்க, பெண் கொடுத்தவர்கள் சோற்றின் மேல் முழு மீனை வைத்துக் கொடுப்பது எங்கள் முறை. பெண் எடுத்தவர்கள் பதிலுக்குப் பரிமாறும் பன்றிக்கறியை நாங்கள் சமைத்து வைத்திருந்தோம். மஞ்சளில் வேகவைத்த கெண்டையின் தலையைத் தோகரின் பக்கம் திருப்பி வைத்து லம்ஹோட் வாழ்த்துச் சொன்னான். நன்றாகவே சொன்னான். தியுர்மா அழுதாள். என் பேரன் அவன் மடியிலேயே இருந்தான். மேல் துளையையும் அவன்தான் கொடுத்தான், மீனையும் அவன்தான் கொடுத்தான். கை நீட்டி வாங்கியது நாங்கள். அந்த மீன் ருசியாக இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மீன் வந்ததைப் பார்த்த ஊர், லம்ஹோட்தான் தோகரின் உயிரைக் காப்பாற்றினான் என்று பேசுகிறது. இல்லை. லம்ஹோட் பூட்டைத் திறந்தான். பூட்டியது நான்.