தெருவுக்கு இறங்கிய மாடி

"ஒண்ணு கேக்கணும், மாஜிதா."

"கேளுங்க."

"மாடியில நின்னு கத்திக் கேக்குற விசயமில்ல."

"அப்ப எறங்கி வாங்க."

"எப்பிடி எறங்க? படி உங்க அண்ணன் கடைக்குள்ளல்லா இருக்கு!"

அய்யூப் இப்படிப் பேசிப் பதினோரு வருடம் கழித்து, ராஜபாளையத்தில் அவர் குடியிருந்த மாடிவீடு நாளுக்கு ஒரு சாண் பூமிக்குள் இறங்கத் தொடங்கியது. ஊருக்கு அடியில் எரிவாயு எடுத்த கம்பெனி, அந்த ஒரு வீட்டுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சிவிட்டது. சுவரில் கீறல் இல்லை. அடுப்பில் வைத்த பால்கூடத் தளும்பவில்லை. கம்பெனி ஆட்கள் அளந்து பார்த்து, இறக்கம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். கிருஷ்ணன்கோவில் மாணவர்கள் காலேஜ் பஸ்ஸில் வந்து வேடிக்கை பார்த்துக் கைதட்டினார்கள். கீழே மளிகைக்கடை வைத்திருந்த ஷாநவாஸ், தங்கை மாஜிதாவைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரைத் தராசோடு துரத்தியவர், கடையை மூடவில்லை. முதலில் ஏணி வைத்தார். பிறகு வாளியில் கயிறு கட்டித் துவரம்பருப்பை மேலே அனுப்பினார். ஆழத்துக் குளிர்ச்சியில் வெல்லம் கசிவதில்லை என்று அவருக்கு ஏக சந்தோஷம்.

எதிர்வீட்டுத் தையல் மிஷினிலிருந்து மாஜிதா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த மனிதர், ஒரு புதன்கிழமை அவள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். இனி படியே வேண்டாம். கைப்பிடியைத் தாண்டினால் தெரு. அய்யூப் மழையைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை, தான் விற்கும் பேண்டேஜ் துணியைப் பற்றி. வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நீட்டினார்; அதற்குள் முழங்கால் வரை தெருவுக்குக் கீழே போயிருந்தார். கேட்காமலே மண்ணுக்குள் போய்விடுவாரோ என்று மாஜிதாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. செவ்வாய்க்கிழமை தலை மட்டும்தான் மிச்சம்.

"நாளைக்கு உங்க மொட்டைமாடிதான் எனக்குத் தெரியும்," என்றாள்.

அப்போது பாதாளத்திலிருந்து ஷாநவாஸின் குரல் எழும்பியது.

"ஏலே அய்யூப்பு! வந்தவனையெல்லாம் ஒனக்காகத்தாம்லே வெரட்டுனேன். இன்னும் எம்புட்டு ஆழம் போனாக் கேப்ப?"

வாளிக்காகக் காத்திருந்த தெருவே சிரித்தது. அய்யூப் குதிகாலைத் தூக்கி, தெருவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பினார்.

"மாஜிதா, என்னையக் கட்டிக்கிடுதியா?"