ஏழாம் எண்ணின் மூடி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து நாற்பதுக்கு, நகைப் பட்டறையின் ஏழாம் எண் சங்கிலி இயந்திரம் மூடி திறந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் இயந்திரம் தானே நின்றுவிட வேண்டும். நிற்காதிருப்பதற்காக, மூடியின் சுவிட்சை அந்த இயந்திரமே பின்னிய சங்கிலித் துண்டு ஒன்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டியவர் மெக்கானிக். நிறுத்தி மீண்டும் ஓட்டினால் முதல் ஒரு சாண் சங்கிலி கோணலாக வரும். அதை வெட்டியெறிய மேலாளருக்கு மனம் வராது. ஆகவே கம்பி விலகும்போதெல்லாம், ஓட்டத்திலேயே விரலை நுழைத்து அதைச் சரிசெய்வார் மெக்கானிக்.

அவருடைய மனைவிக்கு அடுத்த அறையில் சோதனை மேசை. இயந்திரத்தில் கம்பி உள்ளே போகும், முந்தைய வளையத்துக்குள் நுழையும், வளையும், வெட்டுப்படும். நிமிடத்துக்கு முந்நூறு வளையங்கள். சுவருக்கு இப்பாலிருந்தே அந்தத் தட்டலைக் கேட்டு, ஏழு ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்லிவிடுவாள். அன்று ஒரு தட்டல் பிசகியது. உடனே சரியாயிற்று. அவ்வளவு சீக்கிரம் சரியானதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அரை மணி கழித்து, அப்போது பின்னிய சங்கிலி அவளுடைய உருப்பெருக்கியின் கீழ் வந்தது. ஒரு வளையத்தின் வாயில் நீல நூல். பற்றவைக்கும் உலைக்குப் போயிருந்தால் சாம்பலாகி, ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும். அது காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையின் நீலம்.

சங்கிலியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனாள். அவர் சட்டையின் வலக்கை நுனி பிய்ந்திருந்தது.

“ஏங்க, இது என்ன?”

“நூலு. விரல் இல்ல, நூலு.” சிரித்தார். “இனிமே விரலை எண்ணிப் பாத்துட்டுத்தான் சோறு போடுவியா?”

“எண்ற மாதிரிதான் வச்சிருக்கீங்க. அந்தக் கட்டை அவுத்துடுங்க.”

பேச்சைக் கேட்டு வந்த மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நூலைப் பார்த்தார். “என்னம்மா நீ, பதினஞ்சு வருஷமா ஓட்றாரு. மெஷினுக்கே அவரைத் தெரியும்.”

“அதுதான் சார் எனக்குப் பயம்.”

பேசிய நேரம் முழுவதும் ஏழு நிற்கவில்லை. தட்டலுக்கு மேல் குரலை உயர்த்தித்தான் மூவரும் பேசினார்கள்.

இறுதியில் முடிவானது இது: நூல் சிக்கிய துண்டு வெட்டி உருக்கப்படும், சுவிட்சின் கட்டு இருந்தபடியே இருக்கும், மெக்கானிக் மறுநாள் முதல் அரைக்கைச் சட்டை அணிந்து வருவார். அன்று மாலை அவருடைய நான்கு முழுக்கைச் சட்டைகளையும் முழங்கைக்கு மேலே அளந்து அவளே வெட்டினாள். மீந்த எட்டுக் கைகளையும் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.