கிளீவோடு போட்ட ஜோடி

சர் ஆம்ப்ரோஸ் வின்டலுக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, பார்லிமென்ட்டில் ஓர் இடம் இருந்தது, நுரையீரலில் நோயும் இருந்தது. வசந்தம் வரை தாங்காது என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சாவைப் பற்றி அவருக்குப் பெரிய பயமில்லை. கவலையெல்லாம் மாளிகைச் சுவர்களில் தொங்கிய படங்களைப் பற்றித்தான்.

அத்தனையும் சைலஸ் ராக் என்ற ஓவியர் வரைந்தவை. "வேற யாருக்கும் விக்காதே. எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், ஊரே காசில்லாம வந்து பாக்கும்" என்று ஆம்ப்ரோஸ் சொன்னதை நம்பி, இருபது வருஷமாக ஒரு படத்தைக்கூட வெளியே கொடுக்காத மனுஷர் சைலஸ். ஆனால் ஆம்ப்ரோஸின் தாத்தா எழுதிவைத்த ஏற்பாட்டின்படி மாளிகையும் அதிலுள்ள பொருளெல்லாமும் மூத்த மகனுக்கே. மூத்த மகன் லயனலுக்குப் பந்தயக் குதிரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அப்பா கண்ணை மூடியதும் படங்களை ஏலம் விடப்போவதை அவன் மறைக்கவும் இல்லை. தடுக்க வேண்டுமானால் பார்லிமென்ட் தனிச் சட்டம் போட வேண்டும். அது ஓட்டெடுப்புக்கு வந்த அன்று காலை ஆம்ப்ரோஸுக்கு இருமலில் ரத்தம் வந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவர் எதிர்த்தரப்பில் ஒருவரோடு ஜோடி போட்டுக்கொள்ளலாம். இருவரும் ஓட்டுப் போட மாட்டார்கள், கணக்கு நேராகிவிடும். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது, கை குலுக்கினால் போதும். மதியம் கிளப்பில் பார்னபி கிளீவ் என்ற பழைய எதிராளியோடு ஆம்ப்ரோஸ் கை குலுக்கினார்.

"போய்ப் படுய்யா. நானும் ஆட்டுக்கறி சாப்பிட்டுட்டுத் தூங்கறேன். உன் பொம்மைப் படங்களுக்கு எதிரி ஒருத்தன் குறைஞ்சான்" என்று கிளீவ் சிரித்தார்.

சாயங்காலம் கட்சி நண்பர் ரோக்பி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கிளீவ் போயிட்டான்! சாப்பாட்டு மேஜையிலயே சாஞ்சுட்டானாம். கிளம்புப்பா, வண்டி வாசல்ல நிக்குது. ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கு. சமமா நின்னா சபாநாயகர், மசோதா வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்பார். உன் ஒரு ஓட்டுதான் பாக்கி."

ஆம்ப்ரோஸ் போனார். சபைக் கதவு வரைக்கும் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"கை குலுக்கிட்டேனே, ரோக்பி."

"செத்தவன் கைய்யா அது!"

"அதான். உயிரோட இருந்தா, என்னை விட்டுடுய்யான்னு கேட்டிருப்பேன். இப்ப யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

"நல்லா வருது வாயில. பொணத்துக்குப் பயந்து பொழப்பைக் கெடுத்துக்கறியே!"

கதவைச் சாத்தினார்கள். மசோதா தோற்றது.

எதிர்த்தரப்பார் வரிசையாக வந்து தொப்பியைக் கழற்றினார்கள். கனவான் என்றால் இவரல்லவா என்றார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி மரியாதைக்கு அந்தக் கூட்டத்தில் என்றைக்கும் குறைச்சல் கிடையாது. உள்ளதைச் சொன்னால், ஆம்ப்ரோஸுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

மறுநாள் காலை சைலஸ் வந்தார். ஆம்ப்ரோஸ் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். சைலஸ் உட்காராமல் கேட்டுக்கொண்டார்.

"அப்போ எல்லாம் ஏலத்துக்குத்தானா, எஜமான்?"

"என்ன பண்றது, சைலஸ்? வாக்குக் கொடுத்துட்டேன். மீற முடியுமா?"

"முடியாதுதான். எனக்கும்தான் கொடுத்திருந்தீங்க."

சபைக் கதவருகே நின்றபோது ஆம்ப்ரோஸுக்குக் கிளீவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதும் வந்தது. எதிரே நிற்கும் இந்த முகம் ஒரு தடவைகூட வரவில்லை. சைலஸைக் கூப்பிட்டு விருந்து வைத்தார், வாயாரப் புகழ்ந்தார், ஆனால் இவரிடம் சொன்னதை ஒரு வாக்காகவே அவர் மதித்ததில்லை. அது இப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? திருத்திக்கொள்ள ஆயுசு இல்லை.

"உக்காரு, சைலஸ்" என்றார் ஈனக்குரலில்.

"இல்லீங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

சைலஸ் கூடத்துக்குப் போனார். அங்கே ஏலக்காரரோடு நின்றிருந்த லயனலின் குரல் அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"ஏய், யாரு நீ? கிட்ட போகாதே. அதெல்லாம் ஏலத்துக்குக் குறிச்ச படம்."

அதையெல்லாம் வரைந்தவரே அவர்தான் என்று சொல்ல ஆம்ப்ரோஸ் எழுந்தார். இருமல்தான் வந்தது.