கல்முராத் கொடுத்த ஆசி

பிஷ்கெக்கில் பஸ் ஏறாதவனுக்குத்தான் பஸ்ஸைப் பற்றி அதிகம் தெரியும். அந்தக் கிர்கிஸ் தலைநகரத்தில் கல்முராத் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் முற்றத்தில் இதற்கு மூன்று சாட்சிகள் இருந்தார்கள். மாலையானால் மூவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நகரத்தைக் கழற்றி மாட்டுவார்கள்.

கல்முராத் வேலைக் காலம் முழுக்க டிராலி பஸ் ஓட்டியவர். மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் போகும் அந்த வண்டிகளை ஒருநாள் நிறுத்திவிட்டார்கள், கம்பிகளையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு வந்த பச்சை பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று அவர் சபதம் செய்தார். நடக்கக்கூடிய இடத்துக்கு நடப்பார். முடியாத இடத்துக்குப் போவதேயில்லை. பஸ்ஸுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாமவர் சாதிர், கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். இரண்டு தெரு தள்ளியிருக்கும் மகன் வீட்டுக்கும் காரில்தான் போவார். போய், வண்டி நிறுத்த இடமில்லை என்று ஊரையே திட்டிவிட்டுத் திரும்புவார். மூன்றாமவர் அர்கதி, கீழ்த்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ருஷ்யப் பொறியாளர். தெருவோர மரங்களும், அவற்றின் வேரை நனைத்து ஓடும் வாய்க்காலும் பத்திரமாக இருந்தால் அவருக்குப் போதும். மனிதர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி.

அந்த வசந்தத்தில் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கட்டடத்துக்கு எதிரே இருந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு, பெரிய சந்திப்புக்குக் கொண்டுபோவார்களாம். அங்கே போக நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டுமாம். பெஞ்சுக்கு ஒரு மாதத்துக்குத் தேவையான தீனி கிடைத்துவிட்டது.

கல்முராத்தின் மனைவி கென்ஜேக்கு மட்டும் இது தீனியாக இல்லை. அவள் அக்கா அசில்கான் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். அவள் மகன் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவான். கென்ஜே தினமும் பஸ் பிடித்துப் போய், அக்காவுக்கு ஊட்டி, துடைத்து, தலைவாரிவிட்டு, சாயங்காலம் திரும்புவாள். அவளுடைய முழங்கால்கள் சமதரையில் சொன்னபடி கேட்கும். படியென்றால் முரண்டு பிடிக்கும். மேம்பாலம் வந்தால் அக்காவின் வாய்க்குச் சோறு போகாது. விஷயம் அவ்வளவுதான்.

வட்டார அலுவலகத்திலிருந்து தாலாய் என்ற இளைஞன் மக்களின் கருத்தைக் கேட்க வரப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அன்று காலை கென்ஜே மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டே சொன்னாள்:

"கெழவரே, அந்தப் பையன் வந்தா ஸ்டாப்பப் பத்திச் சொல்லிடுங்க. வேற எதுவும் வேணாம். ஸ்டாப் இங்கயே இருக்கணும், அவ்ளோதான்."

"சொல்லாம விடுவேனா? இன்னிக்கு அவன் என்கிட்ட மாட்டினான்."

தாலாய் வந்தான். நல்ல பையன். பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் கைகொடுத்தான். ஊரில் எந்தப் பக்கம், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்ததில், அவன் அம்மா சாதிருடைய சின்னம்மா ஊர்க்காரி என்று தெரிந்தது. அப்புறம் அவனை எப்படி நிற்க வைத்துப் பேசுவது? முற்றத்தில் மேசை போட்டு விரிப்பு விரித்தார்கள். ரொட்டி, பொரித்த மாவு, ஜாம், வெண்ணெய் எல்லாம் வந்தன. கென்ஜே கெண்டியும் கையுமாக நின்று எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றவில்லை. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று விருந்தாளியிடம் சொல்வதுபோல் ஆகிவிடும்.

முதலில் கல்முராத் பேசினார். டிராலி பஸ்ஸில் ஆரம்பித்து டிராலி பஸ்ஸிலேயே முடித்தார்.

"புகை உண்டா அதுல? சத்தம் உண்டா? குளிர்காலத்துல இந்த ஊரு மூச்சு முட்டிக் கெடக்குதே, ஏன்? யாராவது யோசிச்சீங்களா?"

"நூத்துக்கு நூறு சரி, பாய்கே," என்று மூத்தவருக்குரிய மரியாதையோடு சொல்லி எழுதிக்கொண்டான் தாலாய்.

"வண்டி நிறுத்த எடம் எங்கன்னு எழுது தம்பி," என்றார் சாதிர். "ரோட்ட அகலமாக்கி என்ன செய்ய? வண்டி மேல வண்டியா அடுக்கவா?"

"எல்ம் மரத்துல ஒண்ண வெட்டினாலும் நான் குறுக்க படுத்துடுவேன்," என்றார் அர்கதி.

"நீங்க படுத்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணுமே," என்றார் சாதிர். முற்றம் சிரித்தது. தாலாயும் சிரித்தான், அதையும் எழுதிக்கொண்டான் போலிருக்கிறது.

பேச்சு நன்றாக ஓடியது. எல்லாருக்கும் திருப்தி. தாலாய் எழுந்து, அலுவலகத்துக்கு ஒரு படம் எடுக்கக் கைபேசியை ஜாம் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வயதில் மூத்தவரான கல்முராத்தைப் பார்த்து, "பாய்கே, ஆசி குடுங்க, கெளம்புறேன்," என்றான்.

சாப்பிட்ட இடத்தில் ஆசி இல்லாமல் எழுந்திருக்கிற வழக்கம் கிர்கிஸ்காரர்களுக்கு இல்லை. கல்முராத்தின் உள்ளங்கைகள் தாமாகவே மார்புக்கு நேரே விரிந்தன. எல்லாரும் கைகளை விரித்தார்கள். அர்கதியும்கூடத்தான், பல வருஷப் பழக்கம். கல்முராத்துக்குக் குரல் வளம் உண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"எடுத்த காரியம் முடியட்டும்! வைக்கிற கால் முன்னால போகட்டும்! தடையில்லாம நடக்கட்டும்! ஓமின்!"

"ஓமின்!" என்று எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

தாலாயின் கார் முனை திரும்பியதும் சாதிர் தொடையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி மனுஷா! அவன் எடுத்த காரியம் என்ன தெரியுமா? நம்ம ரோடுதான்!"

கல்முராத் திறந்த வாயை மூடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; நுணலாவது மழைக்குக் கத்தித்தான் கெடுகிறது. இவர் மரியாதைக்குக் கத்திக் கெட்டார். அதோடு, நிறுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தார். கென்ஜே கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்லார் கைபேசியிலும் அந்தப் படம் வந்தது. முற்றம் முழுக்க விரித்த கைகள். கீழே, "குடியிருப்போர் ஒருமனதாகத் திட்டத்துக்கு ஆசி வழங்கினர்" என்று எழுதியிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கல்முராத் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வட்டார அலுவலகத்துக்கு நடந்தே போனார். தாலாய் எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"தம்பி, நான் குடுத்தது உனக்கு. ரோட்டுக்கு இல்ல."

"அப்படியா பாய்கே? அப்ப குடுத்த ஆசிய திருப்பி வாங்கிக்கிறீங்கன்னு எழுதிரட்டுமா? நீங்க சொன்னா எழுதிடறேன்."

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அதுதான் சங்கடம். மழையில் மண் தழைக்கும், ஆசியில் மக்கள் தழைப்பார்கள் என்று சொல்லி வளர்ந்த மனிதர் கல்முராத். கொடுத்த ஆசியைத் திருப்பி வாங்கினவனை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அது அந்தப் பையன் தலையில் என்னவாய் விடியுமோ! அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

"வேணாம். எழுதாத," என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார்.

சாதிர் தன் காரில் கென்ஜேயைத் தினமும் கொண்டுபோய் விடுவதாகப் பெரிய மனசோடு அறிவித்தார். முதல் நாள் விட்டார். இரண்டாம் நாள் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் கல்முராத் தலை நிமிராமல் சொன்னார்: "எல்லாரும்தான் ஓமின் சொன்னாங்க. நான் மட்டுமா?"

"நான் சொல்லலையே," என்றாள் கென்ஜே.

"என்னது?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரு கையில கெண்டி, ஒரு கையில கிண்ணம். எந்தக் கைய விரிக்கறது? படத்த எடுத்துப் பாருங்க, ஓரத்துல நிக்கறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார். விரித்த கைகளுக்குப் பின்னால் அவள் நின்றாள். கெண்டி பாதி முகத்தை மறைத்திருந்தது.

"முற்றத்துல அத்தனை பேரு பேசினீங்க," என்றாள் அவள். "பஸ்ஸுல போறவ நான் ஒருத்தி. என்னைய யாரு கேட்டீங்க? அந்தப் பையனுக்கு மூணு தடவ ஊத்தினேன். மூணு தடவையும் ‘நன்றி எஜே’ன்னு அக்கா முறை வெச்சுச் சொன்னான். சரி, இவரு சொல்லுவாருன்னு நின்னேன். இவரு கம்பியப் பத்திச் சொல்றாரு!"

கல்முராத்துக்குக் காது சுட்டது.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் கென்ஜே வட்டார அலுவலகத்தில் இறங்கினாள். தான் கையை விரிக்கவில்லை என்றும், ஓமின் சொல்லவில்லை என்றும், ஆகவே ஒருமனது என்று எழுதினது செல்லாது என்றும் சொன்னாள். தாலாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஆசியில் சேராத ஆள் ஒருவர் உண்டென்றால் இன்னொரு தடவை கேட்டாக வேண்டும் என்று அவனுக்கே பட்டது. அவன் பயம் மேலதிகாரிக்கா, ஆசிக்கா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினான்.

வியாழக்கிழமை அவன் வந்தபோது முற்றத்தில் எல்லாரும் இருந்தார்கள், கென்ஜேயைத் தவிர.

"எங்க எஜே?" என்றான்.

"அக்கா வீட்டுல," என்றார் கல்முராத். "அவன் வர்ற நேரத்துக்கெல்லாம் என் அக்காவுக்குப் பசிக்காம இருக்குமான்னு கேட்டுட்டுப் போயிட்டா. என்னையே சொல்லச் சொன்னா."

"சரி, நீங்களே சொல்லுங்க பாய்கே. ஏன் அந்தப் படி ஏற முடியாது? கையில தடி வெச்சிருக்காங்களா? டாக்டர் என்ன சொன்னாரு? எனக்கு மேல காரணம் கேப்பாங்க."

கல்முராத் வாயைத் திறந்தார். எந்தக் கால் அதிகம் வலிக்கிறது? தெரியவில்லை. டாக்டரிடம் போனாளா? தெரியவில்லை. டிராலி பஸ்ஸின் கூரைக் கொம்பு எந்த வளைவில் மின்கம்பியை விட்டுக் கழலும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பார். சாதிரைப் பார்த்தார். சாதிர் தன் காரைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் கடைசியில், "எனக்குத் தெரியாது. அவ வர்ற நேரந்தான். ஸ்டாப்புக்கு வா, அவளையே கேட்டுக்க."

நால்வரும் தெருவைக் கடந்து நிறுத்தத்தில் போய் நின்றார்கள். வழியெல்லாம் சாதிரும் அர்கதியும் மரமா, கார் நிறுத்தமா என்று சண்டை போட்டார்கள். பச்சை பஸ் வந்து நின்றதும் சண்டையும் நின்றது.

இரண்டு மாணவிகள் குதித்து இறங்கி ஓடினார்கள். பிறகு யாரும் இறங்கவில்லை. "வரலையோ?" என்றார் சாதிர். அப்போது வாசலில் ஒரு முதுகு தெரிந்தது. கென்ஜே திரும்பி நின்று, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கினாள். ஒரு காலைக் கீழே விட்டுத் தரையைத் தேடினாள். கிடைத்ததும் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை, அவசரப்பட முடியவில்லை. மற்ற காலை இரண்டு கையாலும் தூக்கி எடுத்து வைப்பதுபோல் இறக்கினாள். பிறகு பையை எடுத்தாள்.

கல்முராத்துக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் தினமும் இப்படித்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவர் மரத்தடியில் உட்கார்ந்து நகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அர்கதி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

கென்ஜே திரும்பினாள். சாவு வீட்டு வாசலில் நிற்பதுபோல் ஆண்கள் வரிசையாக, வாய் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது.

"யாரு செத்தது?" என்றாள். "அக்காவா? இப்பத்தானே ஊட்டிட்டு வர்றேன்!"

"யாரும் சாகல, கெழவி," என்றார் கல்முராத். குரல் அவ்வளவு வளமாக வரவில்லை. "நீ எப்படி எறங்குறன்னு பாக்க வந்தோம்."

"எஜே, ஸ்டாப் இங்கயேதான் இருக்கணும்னு நான் எழுதறேன்," என்றான் தாலாய்.

"எழுதேன். அதுக்கு நாலு ஆம்பள வந்து நிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, கென்ஜே பையைப் புருஷன் கையில் கொடுத்தாள்.