பதினேழாவது மைல்

வலது காலின் சொக்ஸை உருவியதும் ரஜனியின் கை அப்படியே நின்றது. குதிக்காலில் தோல் நிறப் பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. பெருவிரல் நகம் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. மற்றக் காலையும் பார்த்தாள். அதில் இரண்டு பிளாஸ்டர்கள்.

“நோனா, விடுங்க. நாங்க உடுத்திவிடுறம்,” என்றான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கையில் வேட்டியோடு நின்ற மலர்ச்சாலைக்காரன்.

இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த அவளுடைய கணவருக்குக் கோட்டும் களிசானும் போட்டு அனுப்பியிருந்தார்கள். வேட்டிக்கு மாற்ற வேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.

பொன்னம்பலம் நடக்கிற மனிதர் அல்ல. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் படவரைஞராக நாற்காலியில் இருந்தவர். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கே ஓட்டோவில்தான் போவார். மகன் ஜனாவோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், ஐந்தாவது கிழமை இறந்துபோனார். “சோபாவில இருந்து ரிவி பாத்தவர் அம்மா. அப்பிடியே போயிட்டார்,” என்று ஜனா ஃபோனில் சொல்லியிருந்தான்.

ரிவி பார்த்த மனிதருக்குக் குதிக்கால் எப்படி உரிந்தது?

மண்டபத்தில் தலைமாட்டில் இருந்தபடி அவள் மகனையே கவனித்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவன் சோபாக் கதையை ஒரே சொற்களில் சொன்னான். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. உடலை அனுப்ப ஏன் பன்னிரண்டு நாள் எடுத்தது என்று ஒருவர் கேட்டதற்கு, “பேப்பர் வேலை,” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தான். நேற்று அவருடைய சூட்கேசைத் திறந்தபோது ஒரு களிசானின் கீழ் மடிப்பில் புல் விதைகள் குத்திக்கொண்டிருந்ததும் இப்போது அவளுக்கு உறுத்தியது. மருமகளோடு சண்டைபிடித்துக்கொண்டு வெளியே போனாரா? முகம் தெரியாத தெருவில் தனியே கிடந்தாரா?

மண்டபத்தின் மூலைக்குப் போய் ஹம்சிகாவுக்கு ஃபோன் எடுத்தாள். பிள்ளைக்குப் பள்ளிச் சோதனை என்று மருமகள் வராமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

“மாமாக்குக் காலில என்ன நடந்தது, பிள்ளை?”

மறுபக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “மாமி, ஜனாட்டக் கேளுங்கோ,” என்றாள்.

மலர்ச்சாலைக்குப் பின்னால், வெறும் மலர்வளையச் சட்டங்கள் சாத்தியிருந்த முற்றத்துக்கு ரஜனி மகனைக் கூட்டிப்போனாள்.

“சோபாவில எண்டு சொன்னனீ.”

“ஓம்.”

“என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.”

அவன் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு வயது மனிதன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

“நடக்கப் போனனாங்கள் அம்மா. கிராமப் பக்கம். வயலுக்குள்ளால, மலையால. பதினெட்டு மைல்.”

“ஸ்டென்ட் வைச்ச மனிசனையோ?”

“டொக்டர் நடக்கச் சொன்னவர் எண்டு அப்பாதான் சொன்னவர்.”

“மார்க்கெட் மட்டும் நடக்கச் சொன்னவர்!”

அவன் தலையாட்டினான். அது தனக்குப் பிறகுதான் தெரியும் என்றான். அவனுடைய அலுமாரியில் கிடந்த பாதை வரைபடம் ஒன்றை அப்பா கண்டெடுத்து மூன்று நாள் மேசையில் விரித்து வைத்திருந்தாராம். உயரக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாராம். “வாழ்நாள் முழுக்கக் கீறினது இந்தக் கோட்டைத்தான். ஒருநாளாவது இதுக்கு மேல நடந்து பாக்கோணும்,” என்றாராம். ஜனா அவருக்குச் சப்பாத்து வாங்கிக்கொடுத்தான். காலை எட்டு மணிக்கு ரயிலால் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். செம்மறியாடுகள் மேயும் வயல்கள். வயலுக்கு வயல் மரப் படலை. ஒவ்வொரு படலையையும் அப்பா திரும்பி நின்று கொளுவி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

“வரைபடத்தைப் பாத்து ‘இப்ப ஏறும் பார்’ எண்டு சொல்லுவார். அம்மா, அவர் சொன்ன இடத்தில ஏறும். சிரிப்பார். அவர் அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை.”

“பிறகு?”

“ஒரு சேர்ச்சுக்குப் பக்கத்தில இருந்து பாண் சாப்பிட்டம். நல்லா இருந்தார். அதில வைச்சுக் கேட்டுப்போட்டன்.”

“என்னத்தை?”

“பதினாறு வயசில என்னை ஏன் தனிய வெளிநாட்டுக்கு அனுப்பினனீங்கள் எண்டு. இருபத்தாறு வருசமாக் கேக்காமல் வைச்சிருந்தது.”

ரஜனி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “அவர் என்ன சொன்னவர்?”

“ஒண்டும் இல்லை. கையில இருந்த பாதை மப்பை மடிச்சார். ‘மழை வரப்போகுது, நட’ எண்டார். எனக்கு விசர் வந்திட்டுது. விறுவிறெண்டு முன்னால போயிட்டன். அரை மணித்தியாலம் திரும்பிப் பாக்கேல்லை. பிறகு மனம் கேக்காமல் திரும்பிப் போனன். கல்மதிலோட சாஞ்சு இருந்தார். நித்திரை எண்டு நினைச்சன். இன்னும் ஒரு மைல்தான் இருந்தது.” அவன் சுவரின் காரையை நகத்தால் கீறினான். “வெளியில செத்தபடியால் விசாரணை வைச்சவங்கள். அதுதான் பன்னிரண்டு நாள். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?”

அவனுடைய தோளைத் தொட வேண்டிய நேரம் அது. அவளோ, “வடிவா யோசிச்சுப் பார். ஒண்டுமே சொல்லேல்லையோ?” என்றாள்.

“இல்லை.”

“என்னைப் பற்றி?”

ஜனா கண்ணைத் துடைத்துவிட்டு முதல் தடவையாக அவளை நேரே பார்த்தான். “ஏன் அம்மா திருப்பித் திருப்பிக் கேக்கிறீங்கள்?”

முற்றத்தின் வழியாக ஒருவன் சவ வாகனத்தின் கதவைத் திறந்துவைக்கப் போனான். அவன் கடந்து போகும்வரை அவள் சரிந்திருந்த சட்டமொன்றை நிமிர்த்தி வைத்தாள்.

“நான்தான் அனுப்பினனான்,” என்றாள். “ஆமியும் பொலிசும் லொட்ஜ் லொட்ஜா ஏறித் தமிழ்ப் பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போன நேரம். ஆள் அனுப்புற ஏஜென்சியோட நான்தான் கதைச்சனான். அப்பா வேண்டாம் எண்டவர். இருந்தால் எல்லாரும் ஒண்டா இருப்பம் எண்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. நீ என்னில கோவிப்பாய் எண்டு பயந்து, அப்பா முடிவெடுத்திட்டார் எண்டு உனக்குச் சொன்னன்.”

“அவருக்கு அது தெரியுமோ? நீங்கள் அப்பிடிச் சொன்னது?”

“தெரியும். எயார்போட்டில அவருக்கு முன்னால நிண்டுதான் சொன்னனான்.”

உள்ளேயிருந்து ஐயர், “மகன் எங்கே? நேரமாகுது,” என்று கூப்பிட்டார். ஜனா சேர்ட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான். கிரியை முடியும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை. பெட்டி மூடும்போதும் திரும்பவில்லை. ஆண்கள் கனத்தை மயானத்துக்குப் புறப்பட, பெண்கள் அவளை வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

அவள் தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்து இருந்தபோது, எதிர் ஃப்ளாட் ஷபீகா கேத்தல் நிறையத் தேநீர் கொண்டுவந்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். “ஒரு வாயாவது குடிங்க அக்கா. மகனுக்கும் ஊத்தி வைக்கிறன்,” என்று இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றைச் சோசரால் மூடி வைத்துவிட்டுப் போனாள். ரஜனி தன்னுடையதைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆறு மணிபோல ஜனா வந்தான். நேரே குளிக்கப் போனான். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலை ஈரத்தோடு குசினிக்குள் வந்து, மூடியிருந்த சோசரை எடுத்தான். தேநீரில் ஆடை படிந்திருந்தது. சூடாக்கித் தரட்டுமா என்று கேட்க அவள் எழுந்தாள். கேட்கவில்லை. அவன் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தான். பிறகு கோப்பையைக் கழுவி, அவளுடையதுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான்.