மணிக்கட்டில் கட்டிய தாலி

எனக்கு வாய் நீளம். மலேசியாவில், எங்கள் ஜொகூர் பாருவில் கோவிட் உச்சத்தில் இருந்த அந்த வருடம் அது இன்னும் நீண்டது. பாதுகாப்பு உடைக்குள் எட்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் நல்ல வார்த்தை வரும்? முதுகில் மார்க்கரால் சாந்தினி என்று எழுதியிருக்கும். நோயாளிகளுக்கு நான் மிஸ்ஸிதான், இங்கே தாதிகள் எல்லோருக்கும் அதுதான் பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு ஒரு நோயாளி என்பதெல்லாம் பழைய கதை. என் தலையில் நான்கு பேர்.

உலு திராமிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக வந்தார்கள். காளியப்பன் தொழிற்சாலைக் காவலர். தனலெட்சுமி பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைப்பவள். இருவருக்கும் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைத்தாக வேண்டும், காலியானதோ ஒரே கட்டில். டாக்டர் லக்ஷ்மன் வயதைப் பார்த்தார், காளியப்பனின் கெட்டுப்போன சிறுநீரகத்தைப் பார்த்தார், தனலெட்சுமியின் பெயரை எழுதினார். காளியப்பன் கீழ் வார்டில் ஆக்ஸிஜனோடு காத்திருந்தார்.

கழுத்து நரம்பில் குழாய் ஏற்ற வேண்டும், குப்புறப் படுக்க வைக்க வேண்டும். அதற்குத் தாலியைக் கழற்றச் சொன்னால் தனலெட்சுமி இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் அங்கே மூச்சுக்குத் தவிக்கும்போது கழற்ற மாட்டாளாம். நன்றாக ஏசினேன். இன்னும் மூன்று பேர் எனக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், உங்கள் பிடிவாதத்துக்கு நேரமில்லை என்றேன். அழுதாள். கடைசியில் நானே கழற்றி, துணிப்பட்டையால் அவள் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒன்னும் ஆகாது. நான் பொறுப்பு."

சீக்கிரம் முடிய வேண்டுமே என்றுதான் அப்படிச் சொன்னேன்.

நான்காம் நாள் காளியப்பன் கீழேயே இறந்துபோனார். கட்டிலுக்கான பட்டியலில் அன்று அவர் மூன்றாவது ஆள்.

பன்னிரண்டாம் நாள் தனலெட்சுமிக்குத் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கொஞ்சம் தேறும்வரை சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். மணிக்கட்டுக் கட்டை நான் அவிழ்த்தேன். தாலியைக் கழுத்தில் போட்டுவிட்டேன். தலையணையைச் சரிசெய்தேன். உதட்டை நனைத்தேன். அக்கா என்றுகூடக் கூப்பிட்டேன்.

அவள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது அது மட்டும்தானே. குரல் கரகரவென்று வந்தது.

"இன்னிக்கு என்னை ஏசவே இல்லையே, மிஸ்ஸி. அவரு போயிட்டாரா?"

பக்கத்துக் கட்டிலின் இயந்திரம் கத்த ஆரம்பித்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றேன்.